ஊற்றும் வழியை முதலில் திறப்போம்



கடந்த ஆண்டு மழைக்காலத்திற்கு முன்பு நான் ஒரு பழைய ஜிப்சி வாகனத்தை வாங்கியதை உங்களில் பலர் அறிவீர்கள். வால்பாறைத் தோட்டங்களுக்குள் இருக்கும் சில குடியிருப்புகளுக்கு இன்னும் மண்பாதைதான். மழை பிடித்துக்கொண்டால் சாதாரணக் கார் பாதி வழியிலேயே சேற்றில் அமிழ்ந்து நின்றுவிடும். 1985இல் நம் நாட்டில் அறிமுகமான ஜிப்சி இத்தகைய பாதைகளுக்கென்றே அமைந்தது. ஏணியைப் போன்ற இரும்புச் சட்டம், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங், வேண்டும்போது நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் அமைப்பு ஆகியவை அதன் பலம். எனக்குக் கிடைத்த வண்டி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. மூன்று பேரிடம் கைமாறி வந்தது.

வாங்கிய முதல் மாதத்தில் நான் செய்தவற்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புதிதாக வண்ணம் பூசினேன். முன்புறம் இரண்டு பனிவிளக்குகளைப் பொருத்தினேன். இருக்கைகளுக்கு உறை தைத்தேன். "எல்லாம் பார்த்தாயிற்று, நம்பி ஓட்டலாம்" என்று விற்றவர் சொன்ன ஒற்றை வாக்கியத்தை நம்பி, கண்ணுக்குத் தெரியாத எதையும் நான் திறந்து பார்க்கவில்லை.

ஒரு நாள் சபையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரையும் அவருடைய மகளையும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். ஆழியாறு நோக்கி இறங்கும் அந்தச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பாதிக்கு மேல் இறங்கியபோது மிதிகட்டை பஞ்சுபோல் அமுங்கித் தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை. மிதியை விட்டுவிட்டு மீண்டும் மீண்டும் மிதித்தேன். கியரைக் குறைத்தேன், கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்தேன். மலைச்சரிவின் பக்கம் ஒதுக்கி ஒருவாறு நிறுத்தினேன். பின்னிருக்கையில் மூதாட்டி கண்களை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். நானும் புறப்படுமுன் ஜெபித்தவன்தான். ஆனால் பிரேக் ஆயிலைப் பார்க்காமல் ஜெபித்திருந்தேன்.

நடந்தது இதுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் சேர்ந்த பின் அந்த அளவு 140 டிகிரியாகக் குறைந்துவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கின் சூடு ஏற ஏற, உள்ளிருக்கும் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகின்றன. திரவம் அமுங்காது, ஆவியோ அமுங்கும். ஆகவே நம் காலின் அழுத்தம் சக்கரத்தைச் சென்று சேர்வதில்லை. என் வண்டியில் இருந்த ஆயில் தேயிலைச் சாற்றைப்போல் கறுத்திருந்தது. மூடியைத் திறந்து ஒருமுறை பார்த்திருந்தாலே போதும்.

அதன்பின் வயதில் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் போய், "அண்ணே, இந்த வண்டியை எனக்குக் கற்றுக்கொடுங்கள்" என்று கேட்டேன். அவர் முதலில் பின்புற ஆக்சிலைக் காட்டினார். டிஃபரன்ஷியலில் இரண்டு திருகுமூடிகள் உண்டு: ஆயிலை ஊற்றுவதற்கு மேலே ஒன்று, வடிப்பதற்குக் கீழே ஒன்று. நான் ஆர்வத்தோடு கீழ்மூடியில் ஸ்பானரை வைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, முதல்ல மேல இருக்கிறதக் கழட்டுங்க. ஊத்த வழி இருக்கான்னு பார்த்துட்டுத்தான் இருக்கிறத வடிக்கணும்."

துருப்பிடித்த மேல்மூடி திறக்க மறுத்தால், வடித்துவிட்ட வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். இருப்பதை அகற்றும் அவசரத்தில், நிரப்பும் வழியை நாம் சோதிப்பதில்லை.

அவர் கற்றுத்தந்த இன்னும் சில: ஓடையைக் கடந்து வந்தால் டிஃபரன்ஷியல் ஆயிலைப் பார்க்க வேண்டும், பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இணைப்புகளுக்குத் தவறாமல் கிரீஸ் ஏற்ற வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர விசையைப் போட்டு ஓட்டக் கூடாது. திரும்பும்போது முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருளுகின்றன, அந்த வேறுபாட்டை ஈடுசெய்ய இந்த வண்டியில் நடுவே எதுவும் இல்லை. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பள்ளங்கள் ஆழமாகத் தெரிவதால் மட்டும் அது நல்ல டயர் ஆகிவிடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்கக் கூடாது.

"மெக்கானிக் இருக்கும்போது உங்களுக்கு எதற்கு இந்த வேலை?" என்று சிலர் அன்போடு கேட்கிறீர்கள். பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் பிரித்து மாட்டும் பணியை இன்றும் அவரிடமே விடுகிறேன். அரைகுறை அறிவோடு அவற்றில் கைவைப்பது இன்னொரு பிழை. ஆனால் ஆயிலின் நிறத்தையும், டயரின் வயதையும், நேற்று இல்லாத ஓசையையும் கவனிப்பது உரிமையாளனின் கடமை. அவர் வண்டியை ஆண்டுக்கு மூன்று முறை பார்க்கிறார். நான் நாள்தோறும் பார்க்கிறேன். பழைய வண்டி திடீரென்று கைவிடுவது அரிது. பெரும்பாலும் சொட்டாகவும் முனகலாகவும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கேட்கும் செவிதான் வேண்டும்.

ஆகவே பழைய வாகனத்தைப் புதிதாக வாங்குகிறவர்களுக்கு, அது ஜீப்பானாலும் இருசக்கர வண்டியானாலும், என் தாழ்மையான கருத்து இதுவே. முதல் பணத்தை அழகுக்குச் செலவிடாதீர்கள். நிறுத்துவதற்கும் திருப்புவதற்கும் உரியவற்றுக்குச் செலவிடுங்கள். விற்றவரின் சொல் எதுவாயினும், எல்லா ஆயில்களையும் ஒருமுறை மாற்றி, அந்த நாளையும் கிலோமீட்டரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அந்த நாளிலிருந்துதான் வண்டி உங்களுடையது.

வண்டியின் பத்திரத்தில் என் பெயர் இருக்கிறது. ஆனால் பின்னிருக்கையில் அமர்கிறவர்கள் பத்திரத்தைப் பார்த்து ஏறுவதில்லை. என்னை நம்பி ஏறுகிறார்கள். அந்த மூதாட்டி சென்ற வாரமும் என்னோடு இறங்கி வந்தார். இரண்டாம் கியரில் மெதுவாக இறங்கினோம். 9ஆவது வளைவில் நிறுத்தி ஆழியாறு நீர்த்தேக்கத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "பிரேக்கு பார்த்தீங்களா, ஐயா?" என்று கேட்டார்.

பார்த்திருந்தேன். இந்த முறை பார்த்துவிட்டுத்தான் ஜெபித்தேன்.