பரீட்சைக்கு வராத கேள்விகள்

மாணவர்களாகிய நம்முடைய கேள்விகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். பரீட்சைக்கு வருபவை ஒரு வகை. வராதவை மற்றொரு வகை. முதல் வகைக்கு வழிகாட்டி நூல்கள் உண்டு; பழைய வினாத்தாள்கள் உண்டு; விடிய விடிய உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கும் மூத்த மாணவர்களும் உண்டு. இரண்டாம் வகைக்கு நாதியில்லை. அந்த நாதியற்ற கேள்விகளுக்காக வாதாடத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பௌதிகத்தில் முதுகலை மாணவன். வயது இருபத்து மூன்று. தாமிரபரணிக் கரையை விட்டு ஹூக்ளிக் கரைக்கு வந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. சங்கத்து நண்பர்கள் பலரைப் போலவே நானும் வகுப்பில் ஆங்கிலம் பேசுகிறேன், கடைத்தெருவில் அரைகுறை வங்காளி பேசுகிறேன், வியப்பு வந்தால் மட்டும், என்னையறியாமல், தமிழில் "அட!" என்கிறேன். இந்த ஒற்றைச் சொல் இருக்கிறதே, இது மிகவும் விலை உயர்ந்தது என்பது என் கருத்து. இதை நாம் வேண்டாத செலவாக நினைத்துக் குறைத்துக் கொண்டு வருகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு. இந்தக் கொல்கத்தா நகரில் தேநீரை மண்குவளையில் ஊற்றித் தருகிறார்கள். அதிலிருந்து ஒரு சொட்டு கடைப் பலகையில் சிந்தினால், சொட்டு முழுவதும் ஒரே நிறமாக இருக்கிறது. காய்ந்த பிறகு பாருங்கள்: ஓரத்தில் மட்டும் கரிய வளையம், நடுவில் வெளிர்ந்த வெற்றிடம். பரவியிருந்த நிறம் எல்லாம் ஓரத்துக்கு ஏன் ஓடியது? நம்மில் யாரும் இந்தக் கறையைப் பார்க்காதவர் இல்லை. வீட்டில் அம்மா துடைத்துவிடுவாள். இங்கே கடைப் பையன் துடைத்துவிடுகிறான். கேள்வியும் கறையோடு போய்விடுகிறது.

1997-ஆம் ஆண்டில் சிகாகோவில் ஆராய்ச்சியாளர் ஆறு பேர் இந்தக் கறையைத் துடைக்காமல் பார்த்தார்கள். சொட்டின் விளிம்பு பலகையைப் பற்றிக்கொண்டு நகர மறுக்கிறது. விளிம்பில்தான் நீர் விரைவாக ஆவியாகிறது. அங்கே இழந்த நீரை ஈடு செய்ய நடுவிலிருந்து நீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது. ஓடும்போது துகள்களையும் அள்ளிக்கொண்டு போய் விளிம்பில் குவிக்கிறது. விடை இவ்வளவுதான். அதைச் சொன்ன கட்டுரை 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. மையைச் சொட்டுச் சொட்டாகத் தெளித்து அச்சடிக்கும் இயந்திரத்தைப் பற்றி நினைப்பவர்களும், பூச்சு வேலையைப் பற்றி நினைப்பவர்களும் இன்று அதைப் படிக்கிறார்கள். அவர்களுக்கு இருந்த காபிக் கறையைவிட நம் தேநீர்க் கறை எந்த விதத்திலும் குறைந்ததல்ல. குறைந்தது, கறையருகே கொஞ்சம் நேரம் நின்ற பொறுமை மட்டுமே.

இந்தப் பொறுமை நம்மிடம் பிறவியிலேயே இல்லையா? இல்லவே இல்லை. குழந்தையாக இருந்தபோது "ஏன், ஏன்" என்று வீட்டாரை வாட்டாதவர் யார்? பின்னர் அது எங்கோ தொலைகிறது. எங்கே தொலைகிறது என்பது எனக்கு ஓரளவு தெரியும். நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது, மேகத்தில் அவ்வளவு தண்ணீர் இருந்தும் அது ஏன் கீழே விழாமல் நிற்கிறது என்று என் பக்கத்துப் பெஞ்சு நண்பன் எழுந்து கேட்டான். "பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றார் ஆசிரியர். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுவதும் அவன் மறுபடி எழுந்திருக்கவில்லை. ஆசிரியரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை; பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம் அவருக்கு. ஆனால் சிரித்த நாற்பது பேருக்கு என்ன அவசரம்?

ஆப்பிரிக்காவில் டாங்கனீகா நாட்டிலும் ஒரு வகுப்பு இப்படிச் சிரித்தது. அந்த நாடு இன்று டான்சானியாவின் பகுதி. 1963-இல் எராஸ்டோ எம்பெம்பா என்ற பள்ளி மாணவன் ஐஸ்கிரீம் செய்யும்போது, காய்ச்சிய பாலை ஆறவிடாமல் சூடாகவே குளிர்பெட்டியில் வைத்தான். காய்ச்சாமலே வைக்கப்பட்ட பாலைவிட அவனுடைய பால் முந்தி உறைந்தது. ஏன் என்று கேட்டான். ஆசிரியர், நீ குழம்பிப் போயிருப்பாய் என்றார். பின்னொரு பள்ளியில், இது உலகத்துப் பௌதிகம் அல்ல, எம்பெம்பாவின் பௌதிகம் என்று கேலி செய்தார்கள். அவன் விடவில்லை. பல்கலைக் கழகக் கல்லூரியிலிருந்து டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற பேராசிரியர் பள்ளிக்குப் பேச வந்தபோது அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டான். தோழர்கள் மறுபடி சிரித்தார்கள். ஆஸ்போர்ன் சிரிக்கவில்லை, சோதனை செய்து பார்க்கச் சொன்னார். 1969-இல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. அந்த விளைவு எப்போதும் நிகழ்கிறதா, நிகழ்ந்தால் காரணம் என்ன என்று விஞ்ஞானிகள் இன்னும் வழக்காடுகிறார்கள். வழக்கு எப்படி முடிந்தாலும் சரி, வழக்குக்கு எம்பெம்பா விளைவு என்றுதான் பெயர். கேலியாகச் சொன்ன பெயரே நிலைத்துவிட்டது!

சரி, இதில் தமிழ்ச் சங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஊரை விட்டு வந்த நம்மில் பலர் இங்கே வகுப்பில் வாய் திறப்பதில்லை. கேள்வி இல்லாமல் அல்ல; கேள்வியை ஆங்கிலத்தில் கோத்து முடிப்பதற்குள் பேராசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். வாக்கியம் தவறிவிடுமோ என்ற அச்சத்தில் விஞ்ஞானத்தை விழுங்கிவிடுகிறோம். முதலில் கேள்வி பிறக்கட்டும். பிறகு அதற்கு எந்த மொழியிலும் சட்டை தைத்துக்கொள்ளலாம். கேள்வி பிறக்கும் மொழி நமக்குத் தமிழ்தானே?

ஜெர்மனியில் பிரன்ஸ்விக் நகரில் ஆக்னஸ் பாக்கல்ஸ் என்றொரு பெண்மணி வாழ்ந்தார். அக்காலத்தில் அந்த நாட்டில் பெண்களுக்குப் பல்கலைக் கழகக் கதவு திறக்கவில்லை. பெற்றோரைப் பேணிக்கொண்டு வீட்டோடு இருந்தார். பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெய்ப் பிசுக்கு படர்வதையும், அதனால் நீரின் மேற்பரப்பு மாறுவதையும் கவனித்தார். சமையலறையிலேயே ஒரு தகரத் தொட்டியை வைத்து அளந்தார். பல ஆண்டு உழைத்துக் கண்டதையெல்லாம் 1891-இல் இங்கிலாந்திலிருந்த ராலே பிரபுவுக்கு, தம் ஜெர்மன் மொழியிலேயே கடிதமாக எழுதினார். பிரபுவின் மனைவி அதை ஆங்கிலமாக்கினார்; பிரபு அதை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார்; அதே ஆண்டில் அச்சேறியது. ஆங்கிலம் கற்ற பிறகு எழுதலாம் என்று அந்த அம்மையார் காத்திருந்தால், கழுவிய நீரோடு எல்லாம் போயிருக்கும்.

நம் வாசலிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. விடியற்காலையில் நம் அன்னையரும் தமக்கையரும் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறார்கள். புள்ளியைச் சுற்றிக் கம்பி வளைந்து வளைந்து சென்று, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறது. ஏழு புள்ளிக் கோலம் தெரிந்தவள் பதினைந்து புள்ளிக் கோலத்தையும் போட்டுவிடுகிறாள். அப்படியானால் அதற்குள் ஒரு விதி இருக்க வேண்டுமன்றோ? தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும், அவர்களோடு கமலா கிருதிவாசனும் இந்த விதியைத் தேடினார்கள். மொழிக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்துக்கும் இலக்கணம் எழுதலாம் என்று காட்டி 1974-இல் கட்டுரை வெளியிட்டார்கள். கணிப்பொறி விஞ்ஞானத்தில் அது இன்றும் பேசப்படுகிறது. தினந்தோறும் மிதித்துக்கொண்டு போகிற கோலத்தை ஒரு நாள் தாண்டாமல் நின்று பார்த்ததன் பலன் இது. படைப்பு வேறு, ஆராய்ச்சி வேறு என்று நாம் எண்ணுகிறோம். கோலம் போட்டவளும் நின்று பார்த்தாள், "இன்னும் ஒரு சுற்று வளைத்தால் என்ன ஆகும்?" என்று, இலக்கணம் எழுதியவர்களும் அதையேதான் கேட்டார்கள்.

இனி, என் அறை நண்பர் சொல்லும் மறுப்புக்கு வருகிறேன். "தம்பி, உனக்கு நேரம் இருக்கிறது. எனக்கு வீட்டில் கடன் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்தாக வேண்டும். தேநீர்க் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தால் மாதம் முதல் தேதி யார் பணம் அனுப்புவது?" என்கிறார் அவர். இது நியாயமான கேள்வி. எனக்கும் வீட்டில் கடன் உண்டு. நம்மில் பெரும்பாலோர் ஆராய்ச்சிக்குப் போகப் போவதில்லை. வங்கிக்கும் கம்பெனிக்கும் அரசாங்க ஆபீசுக்கும்தான் போகப் போகிறோம்.

அதனால்தான் இராமனைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருச்சியில் பிறந்து, சென்னையில் படித்த அவர், இந்தக் கொல்கத்தாவுக்கு 1907-இல் வந்தது பௌதிகம் படிப்பதற்கு அல்ல. அரசாங்கத்தின் நிதித் துறையில் கணக்குப் பார்க்க. பௌபஜார் தெருவில் இருந்த விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுக்கூடத்துக்கு ஆபீசுக்கு முன்பும் ஆபீசுக்குப் பின்பும் போனார். 1917-இல் பல்கலைக் கழகப் பேராசிரியரான வரையில் வேலை கணக்கு, வேட்கை பௌதிகம். அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள் எவை? நாம் கச்சேரியில் கேட்கும் மிருதங்கம், இங்குள்ளவர் வாசிக்கும் தபலா. தோலை இழுத்துக் கட்டிய சாதாரணப் பறையின் ஒலிகளில் சுருதி ஒன்றோடொன்று இசைவதில்லை. மிருதங்கத்தின் நடுவில் உள்ள கரிய வட்டப் பூச்சு அவற்றை இசைய வைக்கிறது என்பதை 1920-இல் எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டு கப்பலில் ஐரோப்பா போய்த் திரும்பும்போது, கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்ற குழந்தைக் கேள்வியைக் கேட்டார். வானத்தின் நிழல்தான் அது என்று பெரியவர்கள் சொல்லியிருந்த விடை அவருக்குப் போதவில்லை. ஒளியை நீர் எப்படிச் சிதறடிக்கிறது என்று ஆராயத் தொடங்கினார். அந்தப் பாதைதான் 1928 பிப்ரவரி 28-க்கும், 1930-இல் நோபல் பரிசுக்கும் கொண்டு போயிற்று. நாம் எல்லோரும் இராமன் ஆகிவிடுவோம் என்று நான் சொல்லவில்லை. கணக்கு எழுதும் மேசைக்கும் கேள்வி கேட்கும் மனத்துக்கும் பகை இல்லை என்று மட்டுமே சொல்கிறேன். கடன் நம் நேரத்தைத்தான் வாங்கிக்கொள்கிறது. கண்ணையும் சேர்த்து எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

கடனைவிடப் பெரிய எதிரி நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கைப்பேசியைச் சொல்கிறேன். "அட!" என்று வாய் திறக்குமுன் அது விடையை நீட்டிவிடுகிறது. விடை கிடைப்பது நல்லதுதான். நானும் அதைப் பயன்படுத்துகிறவன். ஆனால் பசி எடுக்கும் முன்பே ஊட்டிவிடும் தாயைப் போல அது நடந்துகொள்கிறது. அரை நிமிஷத்தில் வந்த விடை அரை நாளில் மறந்துபோகிறது. மூன்று நாள் மனத்தில் போட்டு உருட்டிய கேள்வியோ, விடை தவறாக வந்தாலும்கூட, நம்முடையதாகிவிடுகிறது.

ஆகவே சங்கத்துக்கு ஒரு யோசனை. நம் அறையில் நாள்தாள் அடுக்கும் மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை நூல் கட்டி வைப்போம். பரீட்சைக்கு வராத கேள்வி எதுவானாலும் அதில் தமிழில் எழுதலாம். விஞ்ஞான மாணவர்தான் எழுத வேண்டும் என்பதில்லை; சரித்திரமும் சட்டமும் படிக்கிறவர்களுக்கும் கண் உண்டு. விதி இரண்டே. எழுதி மூன்று நாள் ஆகும் வரையில் யாரும் கைப்பேசியில் விடை தேடக் கூடாது. தாமே நினைத்ததைக் கீழே எழுதலாம். எவ்வளவு எளிய கேள்வியானாலும் யாரும் சிரிக்கக் கூடாது. இதழுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் நல்ல கேள்விகளை அச்சிடலாம். செலவு ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா. பேனாவையும் நூலில் கட்டுவது நலம். நம்மவர்களை எனக்குத் தெரியும்!

முதல் கேள்வியை நானே எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு தை மாதமும் விடுதி முற்றத்தில் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கிறோம். பால் நுரைத்து எழுந்து வழிகிறபோது "பொங்கலோ பொங்கல்!" என்று வங்காளத் தோழர்கள் திகைக்கும்படி கூவுகிறோம். அதே பானையில், அதே அடுப்பில், வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அது குதிக்கிறது, குமுறுகிறது, ஆனால் பாலைப் போல் பொங்கி வழிவதில்லை. ஏன்?

விடையை நான் எழுதமாட்டேன். மூன்று நாள் இருக்கிறது.