கோடை ஆட்டமும் குடும்பத்தின் கடமையும்



கல்லூரிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும் எங்கள் உத்தனப்பள்ளி வட்டாரத்தில் இளைஞர்கள் இரு பிரிவாகப் பிரிந்துவிடுவர். ஒரு சாரார் ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலைக்குப் பேருந்து ஏறுவர். மற்றொரு சாரார் அறுவடை முடிந்த நிலங்களில் டென்னிஸ் பந்துடன் காலைமுதல் மாலைவரை நிற்பர். இந்த இரண்டாம் சாராரின் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஹஜ்ரத், இவனைத் தடுப்பதா, விடுவதா?"

விளையாட்டு முற்றிலும் வீண் என்று நம் மார்க்கம் கூறவில்லை. பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் பள்ளிவாசலிலேயே ஈட்டிகளைக் கொண்டு விளையாடியதையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதனைக் காண நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் துணை நின்றதையும் ஹதீஸ்களில் காண்கிறோம். அன்னையாருடன் நாயகம் (ஸல்) அவர்களே ஓட்டப் பந்தயம் வைத்ததும் பதிவாகியுள்ளது. ஆகவே, விளையாடலாமா என்பதன்று கேள்வி; எவ்வளவு, எதற்காக, எதனை இழந்து என்பதே கேள்வி.

அமெரிக்க நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே பேஸ்பால் ஆடும் கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் அயலூர்களுக்குச் சென்று கோடை லீக் போட்டிகளில் ஆடுகின்றனர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் லீக் அவற்றுள் புகழ்பெற்றது. அணிகள் 10. ஆடுவோருக்குச் சம்பளம் இல்லை. காண்போருக்குக் கட்டணமும் இல்லை. கல்லூரியில் உலோக மட்டையால் ஆடியவன், அங்கே மர மட்டையைப் பிடிக்கிறான். தொழில்முறை ஆட்டத்தில் மர மட்டையே விதி. ஆதலால் அவனுடைய உண்மையான திறமையைக் காணத் தேர்வாளர்கள் அங்கே வருகின்றனர். மாணவர்களைத் தம் இல்லங்களில் தங்கவைத்து உபசரிப்போர் அவ்வூர்க் குடும்பத்தினரே. விருந்தினரைக் கண்ணியப்படுத்துவதை ஈமானின் அடையாளமாகக் கற்பிக்கப்பட்ட நாம், இதனைச் சற்றே சிந்திக்க வேண்டும். வெளியூரிலிருந்து படிக்க வந்த ஓர் ஏழை மாணவனுக்கு நம் வீடுகளுள் எத்தனை கதவு திறக்கின்றன?

இத்தகைய கோடைக் களத்தை நம் நாட்டு இளைஞர் இருவரும் கண்டனர். உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் ஆகிய இருவரும் ஈட்டி எறிபவர்கள். ரிங்கு ஒரு லாரி ஓட்டுநரின் மகன். 2008ஆம் ஆண்டு இந்தியாவில் நடைபெற்ற பந்து வீச்சுத் தேர்வுப் போட்டியில் ரிங்கு வென்று 1 இலட்சம் டாலர் பரிசு பெற்றார். அதற்குமுன் பேஸ்பால் ஆடியே அறியாத இருவரும் அமெரிக்கா சென்றனர். ஆட்டத்தையும் ஆங்கிலத்தையும் ஒருசேரக் கற்றனர். அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நிறுவனம் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2009ஆம் ஆண்டுக் கோடையில் ஃபுளோரிடா மாநிலத்தில், புதியவர்களுக்கான லீக்கில் அவர்கள் ஆடினர். பெரும் அரங்கமில்லை, ஆரவாரமில்லை. வெயிலும் பயிற்சியுமே மிகுதி. அவ்வாண்டு ஜூலையில் ரிங்கு ஓர் ஆட்டத்தின் வெற்றி வீச்சாளராகப் பதிவானார். தொழில்முறை பேஸ்பாலில் அச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

அதன்பின் நடந்தது என்ன? 2010ஆம் ஆண்டின் இறுதியில் தினேஷை நிறுவனம் விடுவித்தது. அவர் தாயகம் திரும்பினார். ரிங்கு மேலும் சில ஆண்டுகள் முயன்றார்; காயங்கள் அவரையும் நிறுத்தின. 2018ஆம் ஆண்டில் அவர் மல்யுத்தக் காட்சித் துறைக்கு மாறினார். பல்லாயிரம் பேரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட இருவரும்கூடத் தலைமை அணியின் களத்தை மிதிக்கவில்லை. நம் பிள்ளைகளின் கனவைக் கணக்கிடும்போது இவ்வுண்மையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

எனவே, மகன் வெளியூர் ஆட்டத்திற்குச் செல்ல அனுமதி கேட்டால், "கூடாது" என்று கதவை அடைக்காதீர்கள். கைதட்டி அனுப்பியும் விடாதீர்கள். எங்கே, யாருடன் தங்குவான்? உணவு ஹலாலானதா? கல்லூரி திறக்கும் நாளில் வகுப்பில் இருப்பானா? பரிசுப் பணம் பந்தயச் சூதிலிருந்து வருகிறதா? லுஹரும் அஸரும் எங்கே தொழுவான்? இக்கேள்விகளைத் தந்தையும் தாயும் சேர்ந்து அமர்ந்து, நிதானமாகக் கேளுங்கள். விளையாட்டும் வணக்கமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. கூடைப்பந்து வீரர் ஹகீம் ஒலாஜுவான் 1995ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரமலான் நோன்பு நோற்றவாறே அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் ஆடினார். அம்மாதத்தின் சிறந்த வீரராகவும் தேர்வானார்.

இறுதியாக ஒன்று. வென்று வருபவனுக்கு மாலையிட ஊரே திரளும். வெல்லாமல் வருபவனுக்கோ வீடு மட்டுமே உண்டு. அந்த வீட்டிலும், "இரண்டு மாதத்தை வீணாக்கினாயே! பக்கத்து வீட்டுப் பையன் கம்பெனியில் சம்பாதித்துவிட்டான்" என்ற சொல்லே அவனை வரவேற்றால், அவன் வேறு திண்ணை தேடிப் போவான். அந்தத் திண்ணையில் யார் இருப்பார்கள் என்பது நம் கையில் இல்லை. ஆதலால், தோற்று வந்த மகனுக்கு முதலில் உணவு வையுங்கள். பிறகு படிப்பைப் பற்றிப் பேசுங்கள். அவன் செய்த முயற்சிக்கு நன்றி கூறி, அடுத்த வழியை அவனோடு சேர்ந்து ஆராயுங்கள்.

பிள்ளைகள் நம்மிடம் அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். அவர்களின் உடல் வலிமையையும் உள்ளத் தூய்மையையும் ஒருங்கே பேணி வளர்க்கும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.