காட்டுக்குக் காவல் யார்?

எருமப்பட்டியில் நின்று பார்த்தால் தெரிகின்ற கொல்லிமலைக் காட்டைக் காப்பது யார் என்று கேட்டால், மலைமேல் இருக்கும் சாமிதான் என்று சொல்லுகிறவர்கள் இன்னும் இருக்கின்றார்கள். கொல்லிப்பாவை காவலிருக்கிறாள் என்பதோ பழங்கதை. இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

மலைச்சரிவிலே வேங்கை, கடுக்காய், நெல்லி முதலிய மரங்கள் கோடையில் இலையுதிர்த்து மொட்டையாய் நிற்கின்றன. இது யாருடைய சாபமுமல்ல. இலை வழியாக மரத்தின் நீர் ஆவியாய்ப் போய்விடும். ஆதலால் தண்ணீர் கிடைக்காத காலத்தில் மரம் இலையை உதிர்த்துத் தன் உயிரைக் காத்துக்கொள்ளுகின்றது. உதிர்ந்த சருகு மக்கி மண்ணாகிறது. அந்த மண் மழையைக் குடித்துக் கொஞ்சங் கொஞ்சமாய்க் கீழே விடுகிறது. அடிவாரத்துக் கிணறுகளில் ஊற்று நிற்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். மரத்தை வெட்டிச் சருகுக்குத் தீ வைத்தால், மழை மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே நாளில் ஓடிவிடும். அப்புறம் மழைக்கஞ்சி ஊற்றினாலும், கழுதைக்குக் கலியாணம் செய்தாலும் ஊற்று வரப்போவதில்லை.

நிற்க, மலைவாழ் ஜனங்கள் சாமி பேரால் சில தோப்புகளை விட்டுவைத்து, சுள்ளிகூட ஒடிக்காமல் தலைமுறை தலைமுறையாய்க் காத்து வந்திருக்கின்றார்கள். இதை நாம் பாராட்டவே செய்கின்றோம். சாமி இல்லை என்பதற்காக மரத்தையும் வெட்டு என்பவன் பகுத்தறிவுக்காரனல்ல, விறகு வியாபாரி. ஆனால் தோப்பைக் காத்தது மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட கட்டுப்பாடேயொழிய, அங்கே நட்டுவைத்த கல் அல்ல. அக்கட்டுப்பாட்டைப் பயத்தின் மேல் கட்டினதுதான் கோளாறு. பணம் வந்தால் பயம் பறந்துபோகும். சாமிக்குப் பெரிய கோவில் கட்டுகிறோமென்று தோப்பையே அழிக்கிற பக்தர்களும் உண்டல்லவா?

மேட்டூர் அலுமினியத்துக்காகக் கொல்லிமலையிலே பாக்சைட் வெட்டினார்களே, பாவை சிரித்தா அதை நிறுத்தினாள்? வழக்கும் சட்டமும் குறுக்கே வந்த பிறகே 2008-இல் நின்றது. மதுரை ஜில்லா அரிட்டாபட்டியில் 193 ஹெக்டேர் நிலத்தை 2022-இல் சர்க்கார் பல்லுயிர் பாரம்பரியத் தலமென்று அறிவித்தார்கள். 2024-இல் அதையும் உள்ளிட்டு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போயிற்று! அந்த ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானது யாருடைய வேண்டுதலாலும் அல்ல. ஆயிரக்கணக்கான ஜனங்கள் தெருவில் இறங்கிக் கிளர்ச்சி செய்ததால். அதே 2025-இல் திண்டுக்கல் ஜில்லா காசம்பட்டி வீரகோவில் காடும், 5 ஹெக்டேருக்குக் குறைவானதாயினும், பாரம்பரியத் தலமாயிற்று. சாமி பயத்தில் நின்ற தோப்பு இப்போது சட்டத்தின் பேரில் நிற்கிறது.

ஆகவே தோழர்களே, 2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சிக்கும் பேரூராட்சிக்கும் ஒரு மேலாண்மைக் குழுவும், உள்ளூர் மரம், செடி, பிராணிகளைக் குறித்த மக்கள் பதிவேடும் இருக்கவேண்டும். உங்கள் ஊரில் அக்குழு இருக்கிறதா? பதிவேட்டில் எந்தத் தோப்பு ஏறியிருக்கிறது? அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். காட்டுக்குக் காவல் கேள்வி கேட்கிற மனிதனே!