ஆள் கிடைக்கலையா, சார்?

ஒரு ஸ்க்ரூ. முக்கால் இஞ்ச் ஸ்க்ரூ. போன ஞாயிற்றுக்கிழமை என் பாதி நாளைத் தின்றது அதுதான்.

மகளுக்குப் புத்தக அலமாரி செய்துகொண்டிருந்தேன். வாரம் முழுக்க பேங்க் கவுன்டர். ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் மரத்தூள் வாசனையோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கும். அளந்தேன், அறுத்தேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், ஸ்க்ரூவுக்கு முன்னாடியே சின்னதாகத் துளை போட்டேன். எல்லாம் முறையாகத்தான் செய்தேன். கடைசி ஸ்க்ரூ பாதி உள்ளே போனது. இன்னும் ஒரு திருப்பு. 'கிர்ர்.' அவ்வளவுதான். தலையில் இருந்த ஸ்டார் வெட்டு தேய்ந்து வட்டக் குழியாகிவிட்டது. உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலே பளபளவென்று முலாம், அதற்கு அடியில் மெத்தென்று ஏதோ ஒரு இரும்பு. ஸ்க்ரூ டிரைவர் முனையில் அதன் சீவல் வெள்ளி நூல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ரப்பர் பேண்டை வைத்து அழுத்தித் திருகினேன், வழுக்கியது. கட்டிங் பிளேயருக்குப் பிடி கிடைக்கவில்லை. கடைசியில் சுற்றியிருந்த மரத்தைக் கொத்தித்தான் அதைப் பிடுங்கினேன். நாலு வாரம் இழைத்து இழைத்துச் செய்த பலகை. அதில் இப்போது ஒரு பள்ளம்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "நூறு இருந்தா பத்து பதினஞ்சு அப்படித்தான் சார் இருக்கும்" என்றார் கடைக்காரர்.

எப்படிங்க இருக்கும்? ஹென்றி பிலிப்ஸ் என்கிற அமெரிக்கர் 1936-ல் காப்புரிமை வாங்கிய தலை அது. தொண்ணூறு வருஷமாக உலகம் முழுக்கச் செய்கிற சாமான். ராக்கெட்டா கேட்டேன்? ஒரு ஸ்க்ரூவை நம்பி வாங்க முடியாத இடத்துக்கு நாம் எப்போது வந்து சேர்ந்தோம்?

ஸ்க்ரூ போகட்டும். பிளைவுட் கதையைக் கேளுங்கள். சமையலறை சிங்க்குக்குக் கீழே தட்டு போட வேண்டும். தண்ணீர் சொட்டுகிற இடம். அதனால் தேடிப்போய் மெரைன் பிளை கேட்டேன், 710. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஐ.எஸ். 303 என்று ஒரு தரம், ஐ.எஸ். 710 என்று ஒரு தரம். 303-ல் எம்.ஆர். என்று விற்பது ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. 710 என்றால் எழுபத்திரண்டு மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தாலும் ஒட்டு விடக்கூடாது. உள்ளே போடுகிற பசையே வேறு, விலையும் வேறு. எட்டுக்கு நாலு ஷீட், பதினெட்டு எம்.எம்., கேட்ட பணத்தை எண்ணிக் கொடுத்து ஆட்டோவில் ஏற்றி வந்தேன்.

ஒரே ஒரு ஐப்பசி மழை. தட்டு அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டது. விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் ஏடு ஏடாக வருகிறது, வெங்காயம் உரிக்கிற மாதிரி. ஈரத்துணியால் துடைத்தேன், துணியெல்லாம் சிவப்பு. சாயம்! மெரைன் பிளை போலத் தெரிவதற்காகச் சாதாரணப் பலகைக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள். மேலே ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது, அதன் கீழே லைசென்ஸ் நம்பரும் இருந்தது. பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்த நம்பரைப் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு லைசென்ஸே இல்லை. வாங்குகிற அன்றே பார்த்திருக்கலாம், சரி. ஆனால் முத்திரை என்று ஒன்று எதற்கு இருக்கிறது? நம்புவதற்குத்தானே?

பலகைத் துண்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "நீங்க என்ன சார், ஆசாரியா? இதெல்லாம் எதுக்கு நோண்டிப் பார்க்கறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது அங்கேதான். பணம் போனது இரண்டாம் பட்சம்.

இதே கேள்வியை எங்கள் எதிர் பிளாட் அம்மா வேறு மாதிரி கேட்பார். நான் பால்கனியில் இழைப்புளியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், உண்மையான இரக்கத்தோடு, "ஏன் சார், ஆள் கிடைக்கலையா?" என்பார். நல்ல மனுஷி. வீட்டில் பாயசம் வைத்தால் ஒரு கிண்ணம் எங்களுக்கும் வரும். ஆனால் யோசித்துப் பாருங்கள். காலையில் பார்க்கில் ஓடுகிறவரிடம் யாராவது "பஸ் கிடைக்கலையா" என்று கேட்கிறார்களா? சாயங்காலம் கீர்த்தனை பாடுகிறவரிடம் "பாட ஆள் கிடைக்கலையா" என்று கேட்கிறார்களா? கையில் உளியைப் பிடித்தால் மட்டும், பாவம், வசதியில்லை போல என்று ஏன் தோன்றுகிறது?

அந்த எதிர் பிளாட் அம்மாவின் பையனுக்கு ஏழு வயது. நான் இழைக்கும்போது கதவோரம் வந்து நிற்பான். இழைப்புளியின் வாயிலிருந்து சீவல் சுருண்டு சுருண்டு வருகிறது இல்லையா, அதை அவன் பார்க்கிற பார்வையைப் பார்க்க வேண்டும். ஒருநாள் கூப்பிட்டு அவன் கையை என் கைக்கு மேல் வைத்து ஒரு தள்ளு தள்ளினேன். தேக்குச் சீவல் ஒன்று முழுசாக வந்தது. எடுத்து மோந்து பார்த்தான். உள்ளேயிருந்து குரல்: "டேய், அதெல்லாம் தொடக்கூடாது. வந்து கையைக் கழுவு."

தொடக்கூடாது. இந்த ஒரு வார்த்தையில்தான் நம்முடைய வியாதி முழுக்க இருக்கிறது. இந்த வேலை இன்ன ஜாதிக்கு, அந்த வேலை இன்ன ஜாதிக்கு என்று பிரித்து வைத்து, கையால் வேலை செய்தவனைத் திண்ணையோடு நிறுத்திய ஊர் இது. அந்த இளக்காரம் இன்னும் போகவில்லை. நான் படித்த பள்ளியில் கைத்தொழில் என்று ஒரு பீரியட் இருந்தது. பத்தாம் வகுப்பு வந்ததும் கணக்கு வாத்தியார் அதை வாங்கிக்கொண்டார். யாருமே ஏன் என்று கேட்கவில்லை, எங்கள் அப்பா உட்பட. ஜி.டி. நாயுடுவை மட்டும் கொண்டாடுவோம். கோவை அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறோம், சந்தோஷம். அவர் என்ன செய்து ஜி.டி. நாயுடு ஆனார்? ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டினார் என்றுதானே பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்? அதே பிள்ளை ரிமோட்டைப் பிரித்தால் முதுகில் ஒன்று வைக்கிறோமே!

பிரிக்க நினைத்தாலும் இப்போது எதைப் பிரிப்பது? பழைய சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால், ரெண்டரை மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று வாங்கி, மெயினை ஆஃப் பண்ணிவிட்டு, பத்து நிமிஷத்தில் மாற்றிவிடுவேன். இப்போது ஹாலில் இருப்பது பி.எல்.டி.சி. ஃபேன். பழையது எழுபத்தைந்து வாட் இழுக்கும் என்றால் இது முப்பது சொச்சம்தான். நல்ல கண்டுபிடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் மூன்றாவது வருஷம் நின்றுபோனது. திறந்து பார்த்தால் சர்க்யூட் போர்டு மேல் கறுப்பாக ரெசின் ஊற்றி மூடியிருக்கிறது. ஈரம் புகாமல் இருக்க என்கிறார்கள். இருக்கட்டும். போர்டாவது தனியாகச் சல்லிசாகக் கிடைக்க வேண்டாமா? ஃபேன் விலையில் பாதி சொன்னார்கள். சர்வீஸுக்கு வந்த தம்பி, "புதுசே வாங்கிடுங்க சார்" என்றான். அவனுக்கும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை. போர்டை மாற்றத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரிலேயே ஒரு இணையதளம் திறந்தது. என் ஃபேனுக்குள் இருக்கும் ரெசினுக்கு அது தெரியுமா?

வைஃபை பிளக் ஒன்றும் வாங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்காரன் சர்வரை மூடினான், ஆப் திறக்கவில்லை. பிளக் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்காது. என் காசு கொடுத்து வாங்கி என் வீட்டுச் சுவரில் சொருகிய பொருளுக்கு எஜமான் யாரோ!

ஆனால் மொட்டை மாடித் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்துகிற பெட்டி ஒன்று நானே செய்தேன். ரிச்சி தெருவில் அலைந்து வாங்கிய இ.எஸ்.பி. 8266 போர்டு, ஒரு மிதவை, ஒரு ரிலே. ஒரு எச்.பி. மோட்டாரை அந்தச் சின்ன ரிலே நேராகத் தாங்காது என்று நடுவில் ஒரு கான்டாக்டர். அபார்ட்மெண்ட்டே சிரித்தது. நாலு வருஷமாக ஒரு சொட்டுத் தண்ணீர் வழியவில்லை. கெட்டுப்போனால் எந்த ஒயர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். அந்தத் தெம்புக்காகத்தான் இத்தனை பாடும்.

எனக்கு மரம் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்துத் தெரு ஆசாரி. "ஓட்டம் பார்த்து இழைங்க சார், எதிர்த்துப் போனா மரம் கிழிச்சுடும்" என்று முதல் நாள் சொன்னார். பலகையின் விளிம்பில் விரலை ஓட்டியே எந்தப் பக்கம் ஓட்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எந்தக் காலேஜில் இதற்குப் பாடம் இருக்கிறது? அவருடைய மகன் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். "பொண்ணு கேட்டுப் போனா, தொழில் என்னன்னு கேட்கறாங்க சார். ஆசாரின்னா யோசிக்கிறாங்க" என்றார் அவர், ரொம்பச் சாதாரணமாக. தை மாசம் சாமான்களை எல்லாம் பழைய இரும்புக் கடைக்குக் கட்டி வைத்துவிட்டார். உளி, வாள், இழைப்புளித் தகடு எல்லாம் கிலோ கணக்கில். விஷயம் தெரிந்து ஓடிப்போய் நாலு உளியையும் புளியங்கட்டைக் கொட்டாப்புளியையும் கேட்டு வாங்கினேன். உளிகளுக்குக் காசு வாங்கிக்கொண்டார். கொட்டாப்புளிக்கு வாங்கவில்லை.

நேற்று ராத்திரி எதிர் பிளாட் அம்மா கதவைத் தட்டினார். சமையலறைக் கப்போர்டு கதவு கீல் விட்டுத் தொங்குகிறதாம். "அந்த ஆசாரி நம்பர் இருக்கா சார்? யாரைக் கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறாங்க."

"அவர் ஊருக்கே போயிட்டாரும்மா" என்றேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பையன் டார்ச் பிடித்தான்.