கடவுச்சொல் வீண் தொல்லையா?

வீட்டுக் கணினிகளை இணைத்துக் கோப்புறைகளைப் பகிரும்போது, கடவுச்சொல் வீண் தொல்லை என்று 'விருந்தினர்' அனுமதியைத் திறந்துவிடுவோர் உண்டு. அது தவறு என்பேன்.

ஒரு கணினி அனுப்பும் செய்தியை வழியில் எவரும் திருத்தவில்லை என்று காட்டுவது அதன் மின்முத்திரை. அம்முத்திரைக்குரிய திறவுகோல் கடவுச்சொல்லைக் கொண்டே உருவாகிறது. கடவுச்சொல் இல்லையேல் முத்திரையும் இல்லை, மறையாக்கமும் இல்லை. பெயரற்ற விருந்தினர் ஒரு கோப்பை அழித்தால், அழித்தவர் யார் என்றும் அறிய இயலாது. எனவேதான் மைக்ரோசாப்ட் 2017-இல் விண்டோஸ் 10-இன் நிறுவன, கல்விப் பதிப்புகளில் இவ்வழியை முன்கூட்டியே அடைத்துவைத்தது.

அப்படியானால் வீட்டுக்கு வருபவருக்கு என்ன செய்வது? அவருக்கெனத் தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் கொடுப்போம். ஒரே ஒரு கோப்புறையைப் படிக்க மட்டும் திறப்போம். வந்தவர் யாரென அறிந்து கதவைத் திறப்பதால் விருந்தோம்பல் குறைந்துவிடாதல்லவா?