வளர்ந்த பிறகு திடீரென பேச்சு திக்குகிறதா? 'டென்ஷன்' என்று விட்டுவிடாதீங்க... காரணம் என்ன, என்ன செய்யலாம்?

ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு சின்ன வயதிலிருந்தே திக்குவாய் உண்டு. அதை வெளியே தெரியாமல் சமாளித்துத்தான் 'டை ஹார்ட்' படங்களில் அதிரடி வசனம் பேசினார். பிற்காலத்தில் அவரது பேச்சில் மாற்றம் வந்தபோது, அதுவும் திக்கலின் ஒரு பகுதி என்றே குடும்பத்தினருக்குத் தோன்றியது. 2024-ல் அளித்த பேட்டியில் அவரது மனைவி எம்மா இதைச் சொன்னார்.

உண்மையில் நடந்தது வேறு. 2022 மார்ச்சில் அவருக்கு 'அபேசியா' எனும் மொழித்திறன் பாதிப்பு இருப்பது அறிவிக்கப்பட்டது. 2023 பிப்ரவரியில், அதற்குப் பின்னால் இருப்பது ஒருவகை மூளைச் சிதைவு நோய் என்று தெரியவந்தது.

பேச்சு திக்கினாலே இப்படி ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் பெரியவர்களுக்குப் புதிதாக வரும் திக்கலுக்கு ஒரு காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

குழந்தைத் திக்கலும் இதுவும் ஒன்றா?

இல்லை. வழக்கமான திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. பல குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். பெரியவர்களில் சுமார் 1 சதவீதம் பேருக்குத் தொடர்கிறது.

30, 40, 60 வயதில் முதல்முறையாக வருவது வேறு ரகம். இதற்கு முக்கியமாக நான்கு வழிகள் உண்டு.

மூளை பாதிப்பு: பக்கவாதம், விபத்தில் தலைக்காயம், பார்கின்சன் நோய், மூளைக்கட்டி போன்றவை. பேச்சுக்கான தசைகளை இயக்கும் மூளைப் பகுதிகளின் ஒருங்கிணைப்பு குலைவதால் வார்த்தை தடைபடுகிறது.

மாத்திரைகள்: மனநோய்க்குத் தரப்படும் குளோசபின், வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரப்படும் டோபிரமேட், சில மனச்சோர்வு மருந்துகள் சிலருக்குத் திக்கலை உண்டாக்கலாம். மருந்தையோ அளவையோ மாற்றினால் பெரும்பாலும் குறையும். ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. வலிப்பு மாத்திரையை சட்டென நிறுத்தினால் வலிப்பே வந்துவிடும்.

மன அதிர்ச்சி: நெருங்கியவரின் மரணம், விபத்து, நீண்டநாள் அழுத்தம் ஆகியவற்றுக்குப் பிறகும் வரலாம். இது நடிப்பு இல்லை. சரியான சிகிச்சை கிடைத்தால் வேகமாகக் குணமாக வாய்ப்புள்ளதும் இந்த வகைதான்.

பழைய திக்கல்: சிறு வயதில் வந்து மறைந்தது, அழுத்தத்தாலோ நோயாலோ மீண்டும் தலைதூக்கலாம்.

எப்போது அவசரம்?

திடீரென பேச்சு குழறி, கூடவே வாய் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை அல்லது கால் மரத்துப்போவது இருந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். "பத்து நிமிஷத்துல சரியாயிடுச்சு" என்று தூங்கப் போய்விடவும் கூடாது. பெரிய பக்கவாதத்துக்கு முந்தைய எச்சரிக்கையாக அது இருக்கலாம்.

வேறு அறிகுறி இல்லாமல் திக்கல் மட்டும் புதிதாக வந்திருந்தாலும், தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். எப்போது தொடங்கியது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். பேசும்போது போனில் எடுத்த ஒரு சின்ன வீடியோவும் உதவும். டாக்டர் முன்னால் சிலருக்குத் திக்கல் வரவே வராது.

நாக்கில் வசம்பு தேய்ப்பது, வாயில் கூழாங்கல் போட்டுப் பேசுவது எல்லாம் காரணத்தைத் தொடாது. நாட்களைத்தான் வீணாக்கும்.

சமாளிப்பது எப்படி?

சிறு வயதிலிருந்து திக்குபவர்கள் அதோடு வாழ்ந்து பழகியிருப்பார்கள். நேற்றுவரை சரளமாகப் பேசிய ஆசிரியருக்கோ, கஸ்டமர் கேர் ஊழியருக்கோ அந்த அவகாசம் இல்லை. அதனால் போன் எடுப்பதைத் தவிர்ப்பது, திக்கும் வார்த்தைக்குப் பதில் வேறு வார்த்தை போடுவது என்று ஒதுங்கத் தொடங்குவார்கள். சொந்தப் பெயருக்கு மாற்று வார்த்தை கிடையாதே! ஒதுங்க ஒதுங்க பயம்தான் கூடும்.

ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொள்ளும் முறைகள் எளிமையானவை. வேகத்தைக் குறைப்பது, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுவது, முதல் எழுத்தை அழுத்தாமல் மூச்சோடு மெதுவாகத் தொடங்குவது, இடைவெளி விட வெட்கப்படாமல் இருப்பது. ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு வந்த திக்கலுக்கும் மன அதிர்ச்சியால் வந்ததற்கும் ஒரே பயிற்சி பொருந்தாது. காரணம் தெரிய வேண்டும் என்பது இதனால்தான்.

"எனக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும், பொறுத்துக்கோங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவது பலருக்குப் பாதி பாரத்தை இறக்கிவிடும். மனம் சோர்ந்தால் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ல் பேசலாம்.

வேலை போய்விடுமா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டையும் அங்கீகரிக்கிறது. ஆனால் அது நரம்பு அல்லது உடல் பாதிப்பால் வந்த நிரந்தரக் குறைபாட்டுக்குத்தான். அரசு நிறுவனத்தில் பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்டால், அதற்காக ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது பிரிவு 20(4). அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்றலாம். தனியார் ஊழியர்களுக்கு இந்தப் பிரிவின் பாதுகாப்பு இல்லை. எப்படியிருந்தாலும் மருத்துவ ஆவணங்களைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

கேட்பவர்கள் என்ன செய்யணும்?

வார்த்தையை நீங்களே முடித்து வைக்காதீர்கள். "டென்ஷன் ஆகாதே, மெதுவா பேசு" என்று சொல்வதும் உதவாது. முகத்தைப் பார்த்து, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். அதற்குச் சில விநாடிகள்தான் ஆகும்.