சிவகாசியில் மழை ஏன் கம்மி? பதில் மடகாஸ்கர் பக்கம் இருக்கு!

சிவகாசிக்கு பட்டாசுத் தொழில் ஏன் வந்தது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "மழை கம்மி, வெயில் ஜாஸ்தி." தீக்குச்சியானாலும் பட்டாசானாலும் நன்றாகக் காய வேண்டும். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து இங்கே தொடங்கினார்கள். பட்டாசு பின்னாலேயே வந்தது.

சரி, மழை ஏன் கம்மி? ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து, கேரளப் பக்கமே இறக்கிவிடுகிறது. விருதுநகர் மாவட்டத்துக்கு மிஞ்சுவது வறண்ட காற்று.

அந்த மலையின் கதை மடகாஸ்கரில் தொடங்குகிறது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியே இருந்தன. பிறகு பிளந்து பிரிந்தன. நம் மேற்குக் கரையும் அதையொட்டிய மலைச்சரிவும் உருவானதில் அந்தப் பிளவுக்குப் பெரிய பங்கு உண்டு என்கிறார்கள் நிலவியலாளர்கள்.

நிலம் நகர்ந்ததை யார் பார்த்தது?

யாரும் பார்க்கவில்லை. ஆனால் ஆதாரங்கள் இருக்கின்றன.

ஒன்று, பாறை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் அதிகம் இருப்பது சார்னோக்கைட். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவாகும் பாறை இது. இன்று மலை உச்சியில் கிடக்கிறது என்றால், நிலம் மேலே எழும்பியிருக்க வேண்டும். இதே காலத்து, இதே மாதிரிப் பாறைகள் மடகாஸ்கரிலும் உள்ளன.

இரண்டு, காந்தம். எரிமலைக் குழம்பு ஆறும்போது அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அன்றைய காந்தப்புலத்தின் திசையை அப்படியே பதிவு செய்துகொள்ளும். அந்தச் சாய்வை வைத்து, பாறை எந்த அட்சரேகையில் உருவானது எனக் கணக்கிடலாம். மகாராஷ்டிராவில் உள்ள சுமார் 6.6 கோடி ஆண்டுப் பழமையான தக்காணப் பாறைகள், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 டிகிரியில் உருவானவை. இன்று அவை இருப்பது வடக்கே.

மூன்று, ஜிபிஎஸ். உங்கள் போனில் உள்ள ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும். பெங்களூரு, ஹைதராபாத்தில் பாறையில் பதித்த கருவிகள் மில்லிமீட்டர் வரை அளக்கும். இந்தியத் தட்டு வடகிழக்காக ஆண்டுக்கு சுமார் 5 செ.மீ. நகர்கிறது என்று அவை காட்டுகின்றன. அதாவது, முதல் தீப்பெட்டி ஆலை வந்த பிறகு சிவகாசி ஊரோடு சேர்ந்து சுமார் 5 மீட்டர் நகர்ந்துவிட்டது!

அப்போ எல்லாமே விதியா?

இங்கேதான் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வெடிவிபத்துக்குப் பிறகும் "கந்தக பூமின்னா அப்படித்தான்" என்ற பேச்சு வரும். 2012-ல் முதலிப்பட்டியில் 35-க்கும் மேற்பட்டோர், 2021-ல் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் வந்தது.

வறட்சியை மலையின் கணக்கில் எழுதலாம். விவசாயம் பொய்த்து ஆட்கள் பட்டாசு ஆலைக்குப் போனதையும் ஓரளவு எழுதலாம். ஆனால் உள்குத்தகை, அனுமதித்ததைவிட அதிக ஆட்கள், ஒரே அறையில் அளவுக்கு மீறிய மருந்து? விபத்துக்குப் பிந்தைய விசாரணைகளில் திரும்பத் திரும்ப வரும் இந்தக் காரணங்களை எந்தக் கண்டமும் நகர்த்திக் கொண்டுவரவில்லை.

நிலத்தை நிறுத்த யாராலும் முடியாது. ஒரு அறையில் எத்தனை பேர் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க ஒரு ஆய்வாளரால் முடியும். அதை ஒழுங்காகச் செய்தாலே பாதிப் பேச்சு அடங்கிவிடும்.